பழைய பிக்கப்பில் பிரேக் லைட் கோளாறு: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் மீன் ஏற்றும் பிக்கப்களுக்கு ஒரு தனிப் பாடு உண்டு. பெட்டியில் ஐஸ் உருகி, மீன் உப்போடு கலந்த தண்ணீர் சரக்குத் தொட்டியின் பின்விளிம்பு வழியாகச் சொட்டி, நேராக டெயில் லைட்டின் மேல் இறங்குகிறது. அது போதாதென்று உப்புக்காற்று. பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரியும் மட்டும் ஏற்றுகிற வண்டியைவிட, மீன் வண்டியின் பின்பக்க ஒயரிங் சீக்கிரமே களிம்பு பிடித்துவிடும்.

அதனால் இந்தப் பக்கத்து வண்டியில் பிரேக் லைட் புகார் வந்தால், புதுப் பல்பும் புது சுவிட்சும் வாங்கும் முன் எர்த்தை, அதாவது பல்பிலிருந்து சேஸிஸுக்குக் கரண்ட் திரும்பும் இணைப்பைச் சோதித்துவிடுங்கள். பல்பு, சுவிட்ச், ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் காசைக் கரைத்த பிறகு, கடைசியில் துருப்பிடித்த ஒரு போல்ட்டில் போய் முடிவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அறிகுறியைச் சரியாகக் கவனித்தால் அந்தப் போல்ட்டை முதலிலேயே தொட்டுவிடலாம்.

இங்கே சொல்வது சின்ன யானை (டாட்டா ஏஸ்), பொலேரோ பிக்கப், டாட்டா 207, தோஸ்த் போன்ற 12 வோல்ட் வண்டிகளுக்கு. ஒயரின் நிறம் மாடலுக்கு மாடல் மாறும். நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப்பை நம்புங்கள்.

மின்சாரம் போகும் பாதை

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ். ஃபியூஸிலிருந்து பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச். சுவிட்சிலிருந்து ஒரே ஒயர் சேஸிஸ் ஓரமாகப் பின்னால் வந்து, இரண்டாகப் பிரிந்து இடது, வலது பல்புகளுக்குப் போகிறது. பல்பிலிருந்து எர்த் வழியாகச் சேஸிஸ், அங்கிருந்து பேட்டரி நெகட்டிவ். சில வண்டிகளில் சாவி போட்டால்தான் பிரேக் லைட்டுக்குக் கரண்ட் வரும், சிலவற்றில் சாவி இல்லாமலே வரும். சோதிக்கும்போது சாவியைப் போட்டே வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

பெரும்பாலான பழைய பிக்கப்களில் பிரேக் லைட்டும் டெயில் லைட்டும் ஒரே பல்புதான்: 12 வோல்ட், 21/5 வாட். கடையில் டபுள் பாயிண்ட் பல்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே இரண்டு இழை. 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை டெயிலுக்கு, எர்த் இரண்டுக்கும் பொது. இந்தப் பொது எர்த்தை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் விசித்திரமான அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் அதுதான்.

21 வாட் இழை ஒன்று சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 3.5 ஆம்பியர். 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இதற்குத் தாராளம். ஆகவே ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் வண்டியில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போடுவதும் செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகுவதும் ஒயரிங்கையே எரித்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு ஒயர் இழுத்து, முனையில் கிளிப் மாட்டிக்கொண்டால் அதுவே டெஸ்ட் லேம்ப். மல்டிமீட்டர் ஒன்று. இரண்டு மீட்டர் நீளத்தில், இரு முனையிலும் கிளிப் உள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். உப்புத்தாள், மாற்று ஃபியூஸ், ஒரு டபுள் பாயிண்ட் பல்பு. உதவிக்கு ஆள் இல்லையென்றால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுக்க அளவாக ஒரு கட்டை.

மீட்டர் மட்டும் போதாதா என்றால், போதாது. களிம்பு தின்று ஒரே ஒரு நரம்பு மிஞ்சிய ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் மிகச் சொற்பக் கரண்ட்தான் இழுக்கும். அதே ஒயரில் 21 வாட் டெஸ்ட் லேம்ப்பைப் பிடித்தால் மங்கிவிடும், அல்லது எரியவே எரியாது. வேலைச் சுமை கொடுத்துப் பார்த்தால்தான் ஒயரின் உண்மையான பலம் தெரியும். முதலில் லேம்ப், பிறகு மீட்டர்.

ஒயரின் மேல்தோலை ஊசியால் குத்திச் சோதிக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. கடற்கரை வண்டியில் அது வேண்டாம். குத்திய துளை வழியாக ஈரம் ஏறி, சில மாதத்தில் அதே இடத்தில் ஒயர் பச்சையாகி அறுந்துவிடும். கப்ளரின் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) பின்பக்கமாக ஊசியை நுழைத்துச் சோதியுங்கள்.

வேலை தொடங்கும் முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் எரியவே இல்லை

டெயில் லைட்டும் இண்டிகேட்டரும் பின்னால் சரியாக எரிகின்றன, பிரேக் மட்டும் இரண்டு பக்கமும் இல்லை என்றால், இரண்டு பல்பும் ஒரே நேரத்தில் போயிருக்கும் வாய்ப்பு குறைவு. (ஒன்று முன்பே போய், கவனிக்காமல் விட்டு, இப்போது மற்றதும் போயிருக்கலாம். அதனால் பல்பைக் கழற்றி ஒரு முறை இழையைப் பார்த்துவிடுவது நல்லது.) பழுது ஃபியூஸிலிருந்து பின்னால் ஒயர் பிரியும் இடம் வரைக்குள் இருக்கிறது.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைச் சேஸிஸில் பிடித்து, மறு முனையை ஃபியூஸின் இரண்டு பக்கமும் வையுங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. பழைய கண்ணாடி ஃபியூஸில் கம்பி முழுசாகத் தெரியும், ஆனால் மூடிக்குள் பற்று விட்டிருக்கும். ஃபியூஸ் உட்காரும் பிடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, பிடியைச் சற்று நெருக்கிவிடுங்கள். பல வண்டிகளில் இதே ஃபியூஸில் ஹாரனோ வேறு ஏதாவதோ சேர்ந்திருக்கும். அதுவும் சேர்ந்து நின்றிருந்தால் ஃபியூஸ் பக்கம்தான் கோளாறு.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் சுவிட்சுக்கு வாருங்கள். பெடலுக்கு மேலே, கை நுழைத்தால் எட்டும் இடத்தில், சிறிய பிஸ்டன் போல ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். பெடல் மேலே இருக்கும்போது குமிழ் உள்ளே அமுங்கி இருக்கும், லைட் அணைந்திருக்கும். பெடலை மிதித்தால் குமிழ் வெளியே வந்து லைட் எரியும். தூசியும் மணலும் ஏறிக் குமிழ் உள்ளேயே சிக்கிக்கொண்டால் லைட் எரியாது.

சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு பின்னையும் (உலோக முனைகள்) ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். பின்னால் லைட் எரிந்தால் சுவிட்ச் கெட்டுவிட்டது, அல்லது இடம் விலகி நிற்கிறது. எரியாவிட்டால் டெஸ்ட் லேம்ப்பால் பின்களைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பின்னில் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் பழுது ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவே. ஒன்றில் இருந்து, இணைத்த பிறகும் பின்னால் எரியவில்லையென்றால் பழுது சுவிட்சுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே.

காமன் ரெயில் டீசல் வண்டிகள் பலவற்றில் இந்தச் சுவிட்சுக்கு நான்கு பின் இருக்கும். ஒரு ஜோடி லைட்டுக்கு, மறு ஜோடி இன்ஜின் கம்ப்யூட்டருக்கு. கண்டபடி இணைக்காமல், லைட் ஜோடி எது என்று உறுதி செய்த பிறகு தொடுங்கள்.

மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பெடலில் சுவிட்ச் இருக்காது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) பக்கம் பிரேக் ஆயில் பைப்பில் திருகிய அழுத்த சுவிட்ச் இருக்கும். அது வயதானால் பலமாக மிதித்தால்தான் எரியும். அதன் பின்களின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அது ஒயரிங் வேலை இல்லை, பிரேக் ஆயில் கசிகிறது. அந்த வண்டியை எடுக்கவே கூடாது. சுவிட்சை மாற்றி, பிரேக் பைப்பில் புகுந்த காற்றை எடுத்து, பெடல் கெட்டியாக நிற்கிறது என்று பார்த்த பிறகே ஓட்டலாம்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை

பல்பை இடம் மாற்றிப் போடுங்கள். பழுது பல்போடு போனால் பல்பு. அதே பக்கத்தில் நின்றால் ஹோல்டர், ஒயர், எர்த்.

ஹோல்டரின் அடியில் இரண்டு பித்தளைப் புள்ளிகள் ஸ்பிரிங் மேல் நிற்கும். ஸ்பிரிங் துருப்பிடித்து அமுங்கியே கிடந்தால் பல்பைத் தொடாது. மண்ணெண்ணெயில் துடைத்து உப்புத்தாளால் தேய்த்தால் சில நாள் ஓடும். ஆனால் ஸ்பிரிங் செத்த ஹோல்டரை மாற்றுவதுதான் சரி.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. டெயில் போட்டால் பிரேக் காணாமல் போகிறது

இது நான்கைந்து உருவத்தில் வரும். பிரேக் மிதித்தால் டேஷ்போர்டில் ஒரு பக்க அம்புக்குறி மங்கலாகத் தெரியும். அல்லது முன்பக்க இண்டிகேட்டர் லேசாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கும். பகலில் பிரேக் லைட் ஏதோ மங்கலாக எரிகிறது, இரவில் டெயில் லைட் போட்டுக்கொண்டு மிதித்தால் அந்தப் பக்கம் எதுவுமே மாறுவதில்லை. கேட்பவருக்கு ஒயரிங் முழுக்கக் குழம்பிவிட்டது போலத் தோன்றும், முழு ஒயரிங்கையும் மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. இவை அத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அந்தப் பக்க டெயில் லைட்டின் எர்த் விட்டுப்போயிருக்கிறது.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் இனி ஏமாற வாய்ப்பில்லை. பிரேக் மிதித்ததும் கரண்ட் 21 வாட் இழை வழியாக வந்து பொது எர்த்துக்குப் போகிறது. அங்கே வழி அடைத்திருக்கிறது. திரும்பிப் போக வேறு வழி தேடுகிறது. அதே பல்பின் 5 வாட் இழை வழியாகத் தலைகீழாக ஏறி, டெயில் லைட் ஒயருக்குள் நுழைந்து, எதிர்ப்பக்க டெயில் பல்பு, நம்பர் பிளேட் பல்பு, முன்பக்கப் பார்க்கிங் பல்பு ஆகியவற்றின் எர்த் வழியாக இறங்குகிறது. பக்கத்திலேயே இருக்கும் இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாகவும் ஏறி, முன்பக்க இண்டிகேட்டரில் போய் எர்த் ஆகிறது. ஒரு பல்புக்கான 12 வோல்ட் இப்படி மூன்று நான்கு பல்புகளுக்குப் பங்கு போவதால் எல்லாமே மங்கலாக எரிகின்றன.

இரவில் டெயில் சுவிட்சைப் போட்டதும் அந்த மாற்று வழியும் பெரும்பாலும் அடைபடும். டெயில் ஒயரில் ஏற்கனவே 12 வோல்ட் நிற்கிறது. பிரேக் ஒயரிலும் 12 வோல்ட். இரண்டு பக்கமும் சம அழுத்தம், கரண்ட் ஓட வழி இல்லை. அதனால்தான் பிரேக் லைட் மிக அவசியமான இரவு நேரத்தில் அது முழுதாக மறைகிறது. தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலில் பைக் ஓட்டுகிறவர்கள் வண்டியை ஒட்டியே வருவார்கள். அவர்கள் உயிர் இந்த ஒரு லைட்டில் இருக்கிறது. இந்த அறிகுறியை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே விடாதீர்கள்.

உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். கிளிப் ஒயரின் ஒரு முனையை அந்தப் பல்பு ஹோல்டரின் உலோகப் பகுதியில் மாட்டுங்கள். மறு முனையைச் சேஸிஸில் பளபளப்பாகத் தேய்த்த ஒரு இடத்தில் அல்லது பேட்டரி நெகட்டிவில் பிடியுங்கள். பிரேக் மிதித்ததும் லைட் பளிச்சென்று வந்து இண்டிகேட்டர் அணைந்தால் எர்த்தான் குற்றவாளி. மீட்டரில் பார்ப்பதானால் சிவப்பு முனையை ஹோல்டர் உலோகத்திலும் கருப்பை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒன்று இரண்டு வோல்ட் என்று ஏறினால் சரிசெய்ய வேண்டும். மூன்று நான்கைத் தாண்டினால் எர்த் அறவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது? பிளாஸ்டிக் டெயில் லைட் என்றால் ஹோல்டரிலிருந்து தனி எர்த் ஒயர் வந்து, பின் ஆக்சிலுக்குப் பின்னால் சேஸிஸில் ஒரு போல்ட்டில் முடியும். தகர உடம்பு டெயில் லைட் என்றால் அதை மாட்டிய ஸ்குரூவே எர்த். இரண்டாவது வகையில்தான் தொல்லை அதிகம். பாடி கட்டும் பட்டறையில் சேஸிஸுக்கும் தொட்டிக்கும் நடுவே மரக்கட்டையோ ரப்பரோ கொடுக்கிறார்கள், மேலே கெட்டியாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். டெயில் லைட் தொட்டியில் நிற்கிறது, ஆனால் தொட்டிக்கும் சேஸிஸுக்கும் மின்தொடர்பு யூ போல்ட் வழியாக மட்டும்தான். அந்த யூ போல்ட்டில் துரு ஏறியதும் மொத்தப் பின்பக்கமும் எர்த் இல்லாமல் தவிக்கும்.

சரிசெய்யும் முறை இது. பழைய போல்ட்டைக் கழற்றுங்கள். சேஸிஸில் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டி இரும்பு மின்னும்வரை தேயுங்கள். 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் புதிய வளைய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அழுத்தி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகே மேலே கிரீஸோ வாசலினோ தடவ வேண்டும். தகர உடம்பு லைட்டுகளுக்கும் ஹோல்டரிலிருந்து நேராகச் சேஸிஸுக்குத் தனி ஒயர் இழுத்துவிடுங்கள், தொட்டியை நம்ப வேண்டாம். இடது வலது லைட்டுகளின் எர்த்தை ஒன்றோடொன்று இணைத்து, இரண்டு பக்கமும் தனித்தனி போல்ட்டில் முடித்தால், ஒரு போல்ட் கெட்டாலும் மற்றது தாங்கும். ஒரு மணி நேர வேலை, செலவு கொஞ்சம்தான், மீன் வண்டிக்கு இதைவிடப் பயனுள்ள ஒயரிங் வேலை வேறு இல்லை.

எர்த்தைச் சரிசெய்த பிறகும் அதே அறிகுறி தொடர்ந்தால், சிங்கிள் பாயிண்ட் பல்பை டபுள் பாயிண்ட் ஹோல்டரில் திணித்திருக்கிறார்களா பாருங்கள். அதன் ஒற்றைப் புள்ளி ஹோல்டரின் இரண்டு புள்ளிகளையும் சேர்த்துத் தொட்டு, பிரேக்கையும் டெயிலையும் ஒன்றாக்கிவிடும். பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு உட்பட எல்லா டெயில் லைட்டும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் சந்தேகம் முதலில் இதன் மேல்தான்.

டெயில் லைட்டே பளிச்சென்று இருக்கிறது, பிரேக் மிதித்தால் வித்தியாசம் தெரியவில்லை

டபுள் பாயிண்ட் பல்பின் பக்கவாட்டில் இரண்டு ஆணிகள் வேறு வேறு உயரத்தில் இருக்கும். பல்பைத் திருப்பிப் போடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருப்பினால் தலைகீழாகவும் போய் உட்காரும். அப்போது 21 வாட் இழை டெயிலாகவும் 5 வாட் இழை பிரேக்காகவும் மாறிவிடும். இரவு முழுக்க 21 வாட் எரிந்தால் சூட்டில் பிளாஸ்டிக் கண்ணாடி உருகிக் குழி விழும். கண்ணாடியில் பல்புக்கு நேராகப் பழுப்புத் தழும்பு தெரிந்தால் இப்படி ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். பல்பைக் கழற்றி, உயரமான ஆணியையும் ஆழமான பள்ளத்தையும் பார்த்து மாட்டுங்கள்.

எரிகிறது, ஆனால் மங்கல்

எளியதை முதலில் பாருங்கள். சிதம்பரம் சாலையில் லாரிகள் அதிகம், உதிரிபாகக் கடையில் 24 வோல்ட் பல்பும் 12 வோல்ட் பல்பும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். 24 வோல்ட் பல்பு 12 வோல்ட் வண்டியில் செங்காவி நிறத்தில் சோகையாக எரியும். பல்பின் பித்தளை அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அடுத்து, பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் மாற்றுங்கள். லைட்டின் உள்ளே ஒளியைத் திருப்பும் வெள்ளிப் பூச்சு துருவாகிவிட்டிருந்தால் எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் வராது, முழு லைட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

இவை இல்லையென்றால் வழியில் வோல்ட் தேய்கிறது. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாக விழும்: 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். அதனால் ஒரு வோல்ட்தானே என்று விட முடியாது.

பிரேக்கை அழுத்திப் பிடித்து, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கருப்பைப் பல்பு ஹோல்டரின் பிரேக் புள்ளியிலும் வையுங்கள், பல்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். 0.5 வோல்ட்டுக்குள் வந்தால் பாசிட்டிவ் பக்கம் சரி, எர்த்தைப் பாருங்கள். அதற்கு மேல் என்றால் துண்டு துண்டாகச் சோதியுங்கள்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை, ஃபியூஸின் இரு பக்கம், சுவிட்சின் இரு பின்களுக்கு நடுவே, பின்பக்கக் கப்ளரின் இரு புறம். எந்தத் துண்டில் எண் குதிக்கிறதோ அங்கே பழுது. சுவிட்சுக்குள் 0.2 வோல்ட்டுக்கு மேல் தேய்ந்தால் உள்ளே பாயிண்ட் கருகியிருக்கிறது, மாற்றுங்கள்.

பின்பக்கக் கப்ளர்தான் அதிகமாக மாட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2024 ஃபெஞ்சல் மழையிலோ தண்ணீரில் நின்ற வண்டி என்றால், கப்ளரை வெட்டி எறிவதோடு ஒயரையும் தோலுரித்துப் பாருங்கள். ஈரம் செம்பு நரம்புகளுக்கு நடுவே திரி போல ஏறி, தோலுக்குள்ளேயே கறுப்பாக்கியிருக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. செந்நிறச் செம்பு தெரியும்வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டு போய், அங்கிருந்து புது ஒயர் சேர்க்க வேண்டும்.

முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் இந்த ஊரில் நிற்காது. கத்திரி வெயிலில் டேப்பின் பசை இளகி அவிழும், ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். ஈயம் வைத்தோ லக் அழுத்தியோ சேர்த்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

அணையவே இல்லை

பெடலுக்குக் கீழே மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துணுக்குகள் கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. சுவிட்சின் குமிழ் வந்து முட்டும் இடத்தில், பெடல் கம்பியின் ஓட்டையில் ஒரு சின்ன ரப்பர் பித்தான் இருக்கும். வருடக்கணக்கில் காய்ந்து நொறுங்கி விழுந்தால் குமிழ் அந்த ஓட்டைக்குள்ளேயே நுழைந்துவிடும், லைட் எரிந்துகொண்டே இருக்கும். புதுப் பித்தான் கிடைக்கும்வரை அந்த ஓட்டையில் சின்ன போல்ட்டும் நட்டும் போட்டுச் சமாளிக்கலாம்.

பித்தான் நன்றாக இருந்தால், பெடலை நுனிக் காலால் மேலே தூக்குங்கள். லைட் அணைந்தால் பெடல் முழுதாகத் திரும்பவில்லை, ஸ்பிரிங்கோ பெடலைத் தாங்கும் பின்னோ துருப்பிடித்திருக்கிறது. அதுவும் சரியென்றால் சுவிட்சை நகர்த்த வேண்டும். முதலில் கப்ளரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் திருகும்போது ஒயர் முறுக்கிக்கொள்ளும். லாக் நட்டைத் தளர்த்தி, குமிழ் முழுக்க அமுங்கும்வரை சுவிட்சை உள்ளே திருகி, சுவிட்சின் உடம்புக்கும் பெடல் கம்பிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இறுக்குங்கள். பெடல் அரை அங்குலம் இறங்குவதற்குள் லைட் எரிய வேண்டும்.

அந்த இடைவெளி முக்கியம். சுவிட்ச் உடம்பே பெடலைத் தள்ளிப் பிடித்தால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் திரும்ப வழி அடைபட்டு, பிரேக் பிடித்தபடியே ஓடும். பத்து கிலோமீட்டரில் டிரம் கொதிக்கும். சுவிட்சைத் தொட்ட பிறகு சிறிது தூரம் ஓட்டிவந்து நான்கு சக்கரமும் சூடாகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

கப்ளரைக் கழற்றியும் லைட் அணையவில்லையென்றால் சுவிட்சில் தவறில்லை. பிரேக் ஒயர் வழியில் எங்கோ தோலுரிந்து வேறு கரண்ட் ஒயரைத் தொடுகிறது. இரவில் இப்படியே நின்றால் 3.5 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரத்தில் 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) போகும், 70 ஏஎச் பேட்டரி விடியும்போது பாதிதான் இருக்கும். சரிசெய்யும்வரை, எந்த ஃபியூஸைக் கழற்றினால் லைட் அணைகிறதோ அதைக் கழற்றி வைத்து வண்டியை நிறுத்துங்கள், அந்த நிலையில் ஓட்ட வேண்டாம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

புது ஃபியூஸ் போட்டதும் போகிறதா, பிரேக் மிதித்தால் மட்டும் போகிறதா? போட்டதுமே போனால் ஷார்ட் சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறது. மிதித்தால் போனால் சுவிட்சுக்குப் பின்னால்.

ஃபியூஸ் மேல் ஃபியூஸ் எரிக்க வேண்டாம். பின்னால் இரண்டு பிரேக் பல்பையும் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இடத்தில் 21 வாட் டெஸ்ட் லேம்ப்பை மாட்டி, பெடலுக்குக் கட்டையால் முட்டுக்கொடுங்கள். ஷார்ட் இருந்தால் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரியும். அது எரிந்தபடியே இருக்க, பின்பக்கக் கப்ளரைக் கழற்றுங்கள். அணைந்தால் ஷார்ட் கப்ளருக்குப் பின்னால், அணையாவிட்டால் முன்னால். பிறகு ஒயரை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போங்கள், லேம்ப் சிமிட்டும் இடத்தில் கையை நிறுத்துங்கள்.

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: தொட்டி கட்டும்போது துளை போட்ட அல்லது வெல்டிங் வைத்த இடம், சேஸிஸ் குறுக்குச் சட்டத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் விழுந்த ஓட்டை, ஸ்பிரிங் பட்டை அருகே தொங்கும் ஒயர், பின்கதவு அடிக்கடி இறங்கி நசுக்கும் மூலை. பிரேக் ஒயரில் இழுத்துச் சேர்த்த கூடுதல் விளக்கு, பாட்டுப் பாடும் ரிவர்ஸ் ஹாரன் போன்றவற்றை முதலிலேயே கழற்றிவிட்டுச் சோதித்தால் பாதி நேரம் மிச்சம்.

குலுங்கும்போது மட்டும் விட்டு விட்டு எரிகிறது

பிரேக்குக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, லைட்டைக் கையால் தட்டுங்கள், ஒயரை அசையுங்கள், கதவை இறக்கி ஏற்றுங்கள். ஹோல்டர் ஸ்பிரிங், தோலுக்குள் அறுந்த ஒயர், தளர்ந்த எர்த் போல்ட், இந்த மூன்றில் ஒன்று சிக்கும். தோலுக்குள் அறுந்த ஒயர் அந்த இடத்தில் மட்டும் துணி போலத் தொய்வாக மடங்கும், விரலால் உருவினால் தெரியும்.

எல்இடி மாட்டிய பிறகு வந்த கோளாறு

எல்இடி மிகக் குறைந்த கரண்டில் எரிவதால், பழைய பல்பில் தெரியாமல் இருந்த சிறு கசிவும் இதில் மினுக்கென்று தெரியும். பிரேக் விட்ட பிறகும் லேசாக எரிந்தால் ஈரம் ஏறிய கப்ளர் வழியாகக் கரண்ட் கசிகிறது, கப்ளரைச் சுத்தம் செய்யுங்கள். எர்த் கெட்ட லைட்டில் எல்இடி போட்டால் கோளாறு மறைந்தது போலத் தோன்றும், உண்மையில் அங்கேயே இருக்கும். மலிவு எல்இடிகளில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசம் போதாது. பின்னால் வருகிறவருக்கு வெயிலில் தெரியாத லைட் இருந்தும் பயனில்லை, அந்த எல்இடியைக் கழற்றிவிட்டு 21/5 வாட் பல்பையே திரும்பப் போடுவது மேல்.

வேலை முடிந்ததும்

டெயில் லைட்டைப் போட்டு, ஒரு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, பிரேக்குக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து நில்லுங்கள். மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். மறு பக்க இண்டிகேட்டரிலும் இதையே செய்யுங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டியது, அங்கேயும் இதைப் பார்ப்பார்கள்.

லைட் கண்ணாடியின் ஓரத்துக்கு சிலிகான் தடவுகிறவர்கள் மேலேயும் இரு பக்கமும் தடவி, அடியில் உள்ள வடிகால் துளையைத் திறந்தே விடுங்கள். அதை அடைத்தால் உள்ளே புகுந்த தண்ணீர் தொட்டி போலத் தேங்கி ஹோல்டரைத் தின்னும். கடைசியாக ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியின் பின்விளிம்பில் ஊற்றி, ஐஸ் தண்ணீர் வழியும் அதே வழியாக வழியவிட்டு, மறுபடி ஒரு முறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.